ஆட்டத்துக்கு 38 ஷாட்

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரி கூடைப்பந்து வீரர் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கூப்பிட்டதும் எனக்குத் தோன்றிய பெயர் ஒன்றுதான்: பீட் மராவிச். அமெரிக்காவில் ‘பிஸ்டல் பீட்’ என்றால் வயதானவர்கள் முகம் மலர்ந்துவிடும். சின்ன வயதில் இடுப்புப் பக்கத்திலிருந்தே பந்தை எடுத்து எறிவார். துப்பாக்கியை உருவுகிற மாதிரி இருக்கும். அதனால் வந்த பெயர் அது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1967 முதல் 1970 வரை, மூன்றே பருவங்கள், லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணிக்காக 83 ஆட்டங்கள். எடுத்த புள்ளிகள் 3,667. சராசரியாக ஆட்டத்துக்கு 44.2. இவ்வளவுக்கும், தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி தருகிற கோடே அப்போது கல்லூரி ஆட்டத்தில் கிடையாது. எங்கிருந்து போட்டாலும் இரண்டுதான். முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. அந்த ஓராண்டு அவர் ஆடியது இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

இதுவரை எல்லோரும் சொல்வதுதான். ஒரு பயிற்சியாளனாக எனக்கு உறுத்துகிற எண் வேறு. அந்த 83 ஆட்டங்களில் அவர் கூடையை நோக்கி எறிந்தவை 3,166. அதாவது ஆட்டத்துக்கு 38 ஷாட். கல்லூரி ஆட்டம் மொத்தமே 40 நிமிடம். ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒன்று! என் அணியில் ஒரு பையன் இப்படி ஆடினால் பாதியிலேயே கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைத்துவிடுவேன். மராவிச்சை ஏன் யாரும் உட்கார வைக்கவில்லை? பயிற்சியாளர் அவருடைய அப்பா.

பிரெஸ் மராவிச். பென்சில்வேனியாவில் அலிக்விப்பா என்ற எஃகு ஆலை ஊர்; குடியேறி வந்த செர்பிய இனக் குடும்பம். அந்த ஊரில் பிறந்த பையனுக்கு ஆலை வேலைதான் என்று ஏறக்குறைய எழுதி வைத்தது போல. பிரெஸ் அதிலிருந்து தப்பித்தது கூடைப்பந்தால். இரண்டாம் உலகப் போரில் கடற்படை விமானியாக இருந்துவிட்டு, திரும்பி வந்து கொஞ்ச காலம் தொழில்முறையில் ஆடி, அப்புறம் பயிற்சியாளரானார். 1947 ஜூனில் பீட் பிறந்தான். தான் நினைத்து எட்டாததையெல்லாம் அந்தப் பையன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார்.

அவர் கொடுத்த பயிற்சிகளைக் கேளுங்கள். காரை அப்பா ஓட்டுவார். பையன் பின்பக்கம் சாய்ந்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ஓடுகிற சாலையில் பந்தைத் தட்டிக்கொண்டே வர வேண்டும். அப்பா வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். பந்து கையை விட்டுப் போகக் கூடாது. சினிமாவுக்குப் போனால் நடைபாதை ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து, படம் ஓடும்போதே தரையில் தட்டிக்கொண்டிருப்பான். பக்கத்து இருக்கைக்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டுவது, ஊருக்குள் நடந்து போகும்போது தட்டுவது, இரவில் படுக்கையோடு பந்தையும் எடுத்துக்கொண்டு போவது. இதை அன்பு என்பதா, வெறி என்பதா? இரண்டும்தான் என்பேன்.

கல்லூரி சேரும் வயது வந்தது. பீட்டுக்கு வெஸ்ட் வர்ஜீனியா போக ஆசை. அப்பாவுக்கோ 1966இல் லூசியானாவில் பயிற்சியாளர் வேலை கிடைத்திருந்தது. மகன் எங்கே போனான் என்று சொல்லத் தேவையில்லை. அமெரிக்கக் கால்பந்தை மட்டுமே மதித்த ஊர் அது. கூடைப்பந்து ஆடிய அரங்கம் வேளாண்மைத் துறைக்காகக் கட்டியது. மாட்டுக் கண்காட்சியும் ரோடியோவும் நடக்கிற இடம். அங்கே கூட்டம் அலைமோத ஆரம்பித்தது. பீட்டின் முதலாண்டில் ஒரு வேடிக்கை நடந்தது. முதலாண்டு மாணவர் அணியின் ஆட்டம் முதலில் நடக்கும். அதைப் பார்த்துவிட்டு, பிரதான அணி களமிறங்கும் முன்பே ஜனங்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பருவத்தில் பிரதான அணி 26 ஆட்டங்களில் ஜெயித்தது மூன்றே மூன்று.

தொளதொளவென்று கணுக்காலில் சரிந்து கிடக்கும் சாம்பல் நிற சாக்ஸ், நெற்றியில் புரளும் தலைமுடி. இந்தக் கோலத்தில் ஆள் கோர்ட்டுக்குள் வருவார். 1970 ஜனவரி 31 அன்று, கல்லூரி ஆட்டத்தின் முதல்நிலைப் பிரிவில் அதுவரை சாதனையாளராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சனின் 2,973 புள்ளிகளைத் தாண்டினார். ஒரே வாரம் கழித்து, பிப்ரவரி 7, அலபாமா அணிக்கு எதிராகத் தனி ஆளாக 69 புள்ளி. ஆட்டத்தின் முடிவு? லூசியானா 104, அலபாமா 106. தோல்வி!

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். அவர் ஆடிய மூன்று பருவங்களில் முதல் இரண்டில் அணி ஏறக்குறைய சமமாக ஜெயித்துத் தோற்றது: 14 வெற்றிக்கு 12 தோல்வி, 13க்கு 13. மூன்றாவதில்தான் 22 வெற்றி. தேசிய சாம்பியன் போட்டித் தொடருக்கு ஒரு முறைகூடத் தகுதி பெறவில்லை. அந்த 3,667இல் பாதியாவது அப்பாவின் சாதனை. வேறு எந்தப் பயிற்சியாளரிடம் ஆடியிருந்தாலும் இந்த எண் வந்திருக்காது. ஆனால் வேறு யாரிடம் ஆடியிருந்தாலும் ஒருவேளை ஒரு கோப்பை வந்திருக்கும். மூன்று புள்ளிக் கோடு இருந்திருந்தால் சராசரி 57 ஆகியிருக்கும் என்று பின்னாளில் அங்கே பயிற்சியாளராக இருந்த டேல் பிரவுன் கணக்கிட்டதாகச் சொல்வார்கள். இருக்கட்டும். எனக்கு அந்தக் கணக்கில் பெரிய ஈடுபாடு இல்லை.

எனக்குப் பிடித்தது அவர் பாஸ். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் இன்றும் பார்க்கலாம். முழு வேகத்தில் ஓடுகிறார். தலை ஒரு பக்கம், பந்து மறுபக்கம். முதுகுக்குப் பின்னால், கால்களுக்கு நடுவே, மணிக்கட்டை மட்டும் சுண்டி. தடுக்க வந்தவர் திரும்பிப் பார்ப்பதற்குள் சக ஆட்டக்காரர் கூடைக்குக் கீழே பந்தோடு நிற்பார். அன்றைய பயிற்சியாளர்கள் பலர் இதை வித்தை காட்டுவது என்று முகம் சுளித்தார்கள். இன்று பள்ளிக்கூடப் பையன்கள்கூடச் செய்கிறார்கள்.

தொழில்முறை வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அட்லாண்டா அணி சுமார் 19 லட்சம் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. உடன் ஆடிய மூத்தவர்களுக்கு அதில் மனக்கசப்பு. அப்புறம் நியூ ஆர்லியன்ஸ். 1977இல் நியூயார்க்குக்கு எதிராக 68 புள்ளி. அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிக சராசரி, 31.1. 1978 ஜனவரியில், துள்ளி எழும்பி கால்களுக்கு நடுவே ஒரு பாஸ் கொடுத்து இறங்கும்போது முழங்கால் போனது. கடைசியாக பாஸ்டனில் கொஞ்சம். 1980இல் விலகினார், அடுத்த பருவமே பாஸ்டன் கோப்பை வென்றது. அவருடைய ராசி அப்படி.

ஓய்வுக்குப் பிறகு ஆளே வெளியே வரவில்லை. அதற்கு முன்பே குடிப்பழக்கம் இருந்தது. தாயார் 1974இல் தற்கொலை செய்துகொண்ட துயரமும் இருந்தது. யோகா, இந்துத் தத்துவம், பறக்கும் தட்டு என்று ஏதேதோ தேடி, 1982 வாக்கில் தீவிரக் கிறிஸ்தவராக மாறினார். 1987 ஏப்ரலில் அப்பா புற்றுநோயில் இறந்தார். சில வாரங்களில் மகனை கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். அப்பா பார்க்கவில்லை.

1988 ஜனவரி 5. ஒரு வானொலி நிகழ்ச்சிக்காக கலிஃபோர்னியாவின் பாசடீனா நகருக்கு வந்திருந்தவர், காலையில் ஒரு தேவாலய உடற்பயிற்சிக் கூடத்தில் சும்மா ஆடினார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு நன்றாக இருக்கிறது என்றார். அடுத்த நொடி சரிந்து விழுந்தார். வயது 40. பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது: இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் இடது கரோனரி தமனி அவருக்குப் பிறவியிலேயே இல்லை. வலது தமனி மட்டும் பெருத்து, இரண்டின் வேலையையும் செய்து வந்திருக்கிறது. இந்த இதயத்தோடு பத்து வருடம் தொழில்முறையில் ஆடியிருக்கிறார்.

2023இல் டெட்ராய்ட் மெர்சி அணியின் அன்டோயின் டேவிஸ் ஐந்து பருவங்கள், 144 ஆட்டங்கள் ஆடி 3,664இல் நின்றார். மூன்று புள்ளி குறைவு. 2024 மார்ச் 3 அன்று அயோவா பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் கெய்ட்லின் கிளார்க் 3,667ஐத் தாண்டினார், 3,951இல் முடித்தார். அவருக்கு நான்கு பருவங்கள், மூன்று புள்ளிக் கோடு. அதற்காகக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பாஸ் கொடுப்பதில் கிளார்க் மராவிச்சுக்குச் சளைத்தவர் இல்லை. ஆண்கள் கல்லூரி ஆட்டத்தின் முதல்நிலைப் பிரிவில் மட்டும் அந்தச் சாதனை எண் இன்னும் அசையவில்லை.

இறப்பதற்குச் சில மாதம் முன்பு அப்பாவின் பயிற்சிகளையெல்லாம் பீட் வீடியோவாகப் பதிவு செய்து வைத்தார். அதில் ஒன்றை நான் எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுண்டு. காலை அகட்டி நில்லுங்கள். பந்தை முன்னாலிருந்து கால்களுக்கு நடுவே தரையில் ஓங்கி அடியுங்கள். பின்பக்கம் எழும்புகிற பந்தை, திரும்பிப் பார்க்காமல், இரண்டு கையாலும் பிடியுங்கள். முதல் நாள் பந்து சுவருக்குத்தான் போகும். கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்: கூடத்தில் டிவி இருந்தால் பிள்ளையை மொட்டை மாடிக்கு அனுப்பிவிடுங்கள். நன்றி, வணக்கம்.