ஈரும் பேனும் ஒரு குழந்தையின் குற்றமல்ல

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள் நான். குழந்தைகளின் தலையில் வரும் பேனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வானொலியில் பேசக் கூச்சமான விஷயம் என்று சிலர் நினைக்கலாம். அந்தக் கூச்சம்தான் பேனைவிடப் பெரிய தொல்லை.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். இடுப்பு வரை இரட்டைச் சடை. கோடை விடுமுறை முடிந்து வந்தவள் தலையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். இரண்டு அம்மாக்கள் வந்து, "டீச்சர், அவளைத் தள்ளி உட்கார வையுங்கள்" என்றார்கள். நானும் கடைசியில் சுவரோரமாக உட்கார வைத்துவிட்டேன். மதியம் சத்துணவுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போனவள், வரிசையில் நிற்கவில்லை. எல்லோரும் வாங்கி முடிக்கும்வரை தூணோரம் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அப்படி நிற்கச் சொல்லி அவளிடம் யாரும் சொல்லவில்லை. அந்தத் தட்டு இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது.

மறுநாள் வகுப்பில் எல்லாத் தலைகளையும் பார்த்தேன். 24 பெண் பிள்ளைகளில் 9 பேருக்குப் பேன். புகார் சொன்ன இரண்டு அம்மாக்களின் மகள்களும் அதில் உண்டு. என் தலையிலும் இருந்தது. அன்றைக்கே அவளைப் பழைய இடத்தில் உட்கார வைத்தேன்.

அவளுக்கு எங்கிருந்து வந்தது? விடுமுறையில் அவர்கள் வீட்டில் முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், ஒரே ஜமக்காளத்தில் தலையோடு தலை வைத்துத் தூங்கியிருக்கிறார்கள். நம் ஊரில் இது நடக்காத வீடு ஏது? பேனுக்குச் சிறகு கிடையாது. தத்தவும் தெரியாது. ஒரு தலை இன்னொரு தலையைத் தொட்டால் முடியைப் பிடித்து ஏறிக்கொள்ளும், அவ்வளவுதான். தினமும் தலை குளிக்கிற பிள்ளைக்கும் வரும். அழுக்கால் வருவதில்லை. மறுபடியும் சொல்கிறேன், அழுக்கால் வருவதில்லை.

இனி, போக்குவது எப்படி? பேன் எள் அளவுதான் இருக்கும். ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு ஈர் வரை வைக்கும். ஈர் முடியின் அடியில், காதுக்குப் பின்னாலும் பிடரியிலும், பசை போட்டதுபோல ஒட்டியிருக்கும். விரலால் தட்டினால் உதிர்வது பொடுகு, உதிராமல் நிற்பது ஈர். அது பொரிய ஏழு முதல் பத்து நாள் ஆகும். பொரிந்த குஞ்சு வளர்ந்து ஈர் வைக்க இன்னும் ஒன்பது பத்து நாளாவது வேண்டும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் பேன் போய்விட்டது என்று நிறுத்துகிற வீட்டில்தான் அது திரும்ப வருகிறது.

நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பு ஒன்று வாங்குங்கள். வெளிச்சம் விழுகிற முற்றத்து ஓரத்தில் பிள்ளையை உட்கார வையுங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூவேலையில் எள்ளளவு பேன் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பழைய வெள்ளை வேட்டித் துணியை விரித்துக்கொள்ளுங்கள். தலையை நனைத்து, எண்ணெயோ கண்டிஷனரோ வழவழவென்று தடவி, முதலில் சாதாரணச் சீப்பால் சிக்கெடுங்கள். பிறகு சிறு சிறு பகுதியாகப் பிரித்து, பேன் சீப்பை மண்டைத் தோலில் படும்படி வைத்து நுனிவரை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பைத் துணியில் துடைத்துப் பாருங்கள். நீண்ட முடிக்கு அரை மணி நேரம் ஆகும். பிள்ளைக்குக் கதை சொல்ல அது நல்ல நேரம். என் அப்பத்தாவிடம் நான் கேட்ட கதைகளில் பாதி அப்படித் தலையைக் கொடுத்துக் கேட்டவைதான்.

ஞாயிறு தொடங்கினால், வியாழன், அடுத்த திங்கள், அந்த வார வெள்ளி என்று நான்கு முறை. இரண்டாம் முறையோடு நிறுத்தாதீர்கள். பேன் தெரியவில்லை என்றாலும் நான்கும் வேண்டும். மருந்துக் கடையில் பேனைக் கொல்லும் பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் கிடைக்கும். பத்து நிமிடம் வைத்துக் கழுவி, ஒன்பதாம் நாள் மறுபடி போட வேண்டும். கைக்குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

செய்யக்கூடாததை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் வேண்டாம், தீப்பிடிக்கும். வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தைப் பிள்ளையின் தலையில் தடவவே கூடாது, உயிருக்கே ஆபத்து. சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுவது நம் பக்கத்தில் பழைய வழக்கம். அதன் சாறு கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும். குளிக்கும்போது தலையிலிருந்து வழிவது எங்கே போகும்? கண்ணுக்குத்தான்.

மொட்டை அடிப்பது பற்றியும் சொல்ல நினைத்தேன், நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: தலையணை உறை, துண்டு, சீப்பு ஆகியவற்றை வெந்நீரில் போட்டு எடுத்தால் போதும். தலையை விட்டுக் கீழே விழுந்த பேன் ஓரிரு நாளில் செத்துவிடும். வீட்டையே கழுவ வேண்டாம். ஆனால் வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பாருங்கள், அம்மாவின் தலையையும் சேர்த்து. வணக்கம்.