அமலுக்கு வராத ஒரு திருத்தம்

அவையோரே,

நாடாளுமன்றம் நிறைவேற்றியும் இன்னும் அமலுக்கு வராத ஒரு திருத்தப் பிரிவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அரசியலமைப்புத் திருத்தம் என்றாலே உரிமைக்கு ஆபத்து என்று அஞ்ச வேண்டியதில்லை. 1951-இல் வந்த முதல் திருத்தத்துக்கு நம் சென்னை மாகாணமும் ஒரு காரணம். செண்பகம் துரைராஜன் வழக்கில், கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி ஆணை செல்லாது என்று தீர்ப்பானது. பெரியார் கிளர்ச்சியில் இறங்கினார். பிற்படுத்தப்பட்டோர் முன்னேற அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்று 15-ஆவது பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. கல்லூரி வாசலையே மிதித்திராத குடும்பங்களின் பிள்ளைகள் அதன் துணையால் படித்தார்கள். பேச்சுரிமைக்குப் புதிய கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்ததும் அதே திருத்தம்தான். ஆகவே எந்தத் திருத்தம் வந்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: குடிமகன் நீதிமன்றம் போகும் வழியை அது அடைக்கிறதா?

அடைத்தால் என்ன ஆகும் என்பதை நாடு பார்த்திருக்கிறது. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை பிறந்தது. இரண்டே நாளில், சமத்துவம், உயிர், விடுதலை, கைதில் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான 14, 21, 22 ஆகிய பிரிவுகளைக் காட்டி யாரும் வழக்காட முடியாது என்று ஆணை வந்தது. விசாரணையின்றிச் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் அடைபட்டவர்களை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுக்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. நீதிபதி எச்.ஆர். கன்னா அரசின் தலைமை வழக்கறிஞரைக் கேட்டார்: சொந்தப் பகைக்காக ஒரு காவல் அதிகாரி ஒருவரைக் கொன்றுவிட்டால் பரிகாரம் உண்டா? நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்பதே பதிலாக இருந்தது. அதைக் கேட்ட பிறகும், 1976-இல் வந்த தீர்ப்பில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா ஒருவர்தான் மறுத்தார். தலைமை நீதிபதிப் பதவி அவருக்குக் கிடைக்காமல் போயிற்று.

அதே 1976-இல் வந்த 42-ஆவது திருத்தம், எந்தத் திருத்தத்தையும் எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்கக் கூடாது என்றது. கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் எழுவர், அரசியலமைப்பின் உயிர்நாடியான அடிப்படைக் கட்டமைப்பை மாற்றும்படி திருத்த முடியாது என்று 1973-இல் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வாக்கு வித்தியாசம்தான் பிறகு நம்மைக் காத்தது. அதன் வலுவில் 1980-இல் மினர்வா மில்ஸ் வழக்கில் அந்தத் தடை தகர்ந்தது.

இடையில் வந்த 44-ஆவது திருத்தம், உயிருக்கும் தனிமனித விடுதலைக்கும் காவலான 21-ஆவது பிரிவை நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாதபடி செய்தது. இதைப் பலரும் சொல்வார்கள். அதே 44-ஆவது திருத்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் பற்றிப் பேசுவோர் குறைவு. காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் ஆலோசனைக் குழுவின் கருத்தின்றி, ஒருவரை விசாரணையில்லாத் தடுப்புக் காவலில் வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாக அது குறைத்தது. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே அந்தக் குழு அமைய வேண்டும் என்றது. நாடாளுமன்றம் 1978-இல் நிறைவேற்றிய அந்தப் பிரிவை எந்த மத்திய அரசும் இதுவரை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. எல்லாக் கட்சிகளுக்கும் இதில் பங்குண்டு. தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்தின் கீழ் ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அந்த மூன்றாம் பிரிவை அமலுக்குக் கொண்டுவரப் புதிய திருத்தம் தேவையில்லை, மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையும் தேவையில்லை. அரசிதழில் ஓர் அறிவிப்பு போதும். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் அதைக் கேளுங்கள்.