குன்னூரில் இறங்கி ரயிலேறலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

சீசன் நேரத்தில் குன்னூர் ரயில்வே கேட் மூடியதும், காரிலிருந்து இறங்கி மலை ரயிலைப் படமெடுக்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். கேட் திறந்ததும் அத்தனை பேரும் காரிலேயே ஊட்டிக்குப் போய்விடுகிறார்கள். தாங்களும் அந்த ரயிலில் ஏறியிருக்கலாம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியவே தெரியாது. எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மலை ரயில் என்றாலே காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படுகிற வண்டிதான் என்று நினைத்துவிடுகிறார்கள். அதில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே தினமும் பல நடை ரயில் ஓடுகிறது. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரப் பயணம். கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டங்களைச் சாலையிலிருந்து இவ்வளவு நிதானமாகப் பார்க்க முடியாது. 1899இல் குன்னூர் வரை வந்த பாதை, 1908இல்தான் ஊட்டியைத் தொட்டது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததில் இந்த மேல்பகுதியும் அடக்கம்.

“அது டீசல் வண்டிதானே?” என்பார்கள். நீராவி இன்ஜினைப் பார்க்க வேண்டுமானால், மேட்டுப்பாளையம் வண்டி வரும் முற்பகலில் குன்னூர் நிலையத்துக்கு வாருங்கள். மலையடிவாரத்துக் கல்லாறு நிலையத்துக்கு மேல் 12 அடிக்கு ஓரடி ஏறுகிற தடம் அது. தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை. இன்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளியபடி ஏறும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக் பிடிக்கும் ஊழியர் (பிரேக்ஸ்மேன்) ஒருவர் நின்று வருவார். குன்னூரில் அந்த இன்ஜினைக் கழற்றி டீசல் இன்ஜினை மாட்டுவதைக் குழந்தைகளுக்குக் காட்டினால் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள்.

குன்னூரிலும் ரயிலேறலாம் என்பதைச் சுற்றுலா வருகிறவர்களுக்குத் தெரியப்படுத்தப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். பேருந்து நிலையத்திலும் சிம்ஸ் பூங்கா வாசலிலும் விடுதிகளிலும் ரயில் நேரப் பலகை வைத்தால் போதும். தமிழோடு மலையாளத்திலும் கன்னடத்திலும் எழுத வேண்டும். வருகிறவர்களில் பலர் கேரளத்தையும் கர்நாடகத்தையும் சேர்ந்தவர்கள்.

அதைவிட முக்கியம், வாடகைக் கார் ஓட்டுநர்களின் ஒத்துழைப்பு. பயணிகளைக் குன்னூர் நிலையத்தில் இறக்கிவிட்டு, பெட்டி படுக்கையோடு காரை மேலே ஓட்டிப்போய் ஊட்டி நிலையத்தில் காத்திருக்கலாம். அதனால் அவர்களுக்குப் பேசிய வாடகையில் ஒரு ரூபாய்கூடக் குறையக்கூடாது. அதைப் புறப்படும்போதே பேசி முடித்துவிடுங்கள்.