அந்தப் பெண்களின் பெயர் என்ன?

வணக்கம் நேயர்களே.

இலக்கியத்தையும் வரலாற்றையும் ஒரு மாணவர் எப்படிப் படித்துப் பொருள் கொள்வது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். கொடுத்திருப்பது கால் மணி நேரம். முப்பது வருடம் வகுப்பில் பேசியும் நான் முடிக்காத விஷயம் இது. அதனால் ஒரு பாட்டு, ஒரு கல்வெட்டு, நேரம் இருந்தால் இன்னொரு கல்வெட்டு என்று திட்டம் போட்டு வந்திருக்கிறேன். பாட்டு ஐந்தே வரிதான். புறநானூற்றில் 112ஆவது. பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பீர்கள்.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம் எம் குன்றும் பிறர் கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார் யாம் எந்தையும் இலமே.

போன மாதம் இதே நிலா காய்ந்தபோது எங்களுக்கு அப்பா இருந்தார், எங்கள் குன்றை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மாதம் இந்த நிலாவில் வேந்தர்கள் எங்கள் குன்றை எடுத்துக்கொண்டார்கள், அப்பாவும் இல்லை. அவ்வளவுதான் பாட்டு.

நான் பட்டப்படிப்பு முதல் வருடத்தில் இந்தப் பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். "பறம்பு மலையை ஆண்ட பாரியை மூவேந்தரும் சூழ்ச்சியால் கொன்றபின், அவன் புதல்வியர் அங்கவை, சங்கவை இருவரும் கண்ணீர் மல்கப் பாடிய பாடல்" என்று ஆரம்பம். எனக்கு ரொம்பத் திருப்தி. கட்டுரை திரும்பி வந்தபோது அந்த ஒரே வாக்கியத்தில் ஆறு இடத்தில் பென்சில் கோடு. பறம்பு, பாரி, மூவேந்தர், சூழ்ச்சி, அங்கவை சங்கவை, கண்ணீர். ஒவ்வொரு கோட்டின் கீழும் பேராசிரியர் பொடி எழுத்தில் ஒரே கேள்வியை எழுதியிருந்தார்: "எங்கே இருக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது. எங்கே இருக்கிறதாவது, ஊருக்கே தெரியுமே! புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன். நீங்களும் இப்போது காதால் தேடிப் பாருங்கள். பாட்டில் பாரி என்ற பெயர் இல்லை. பறம்பு இல்லை, வெறும் குன்றுதான். வேந்தர் உண்டு, மூன்று பேர் என்ற எண்ணிக்கை இல்லை. கண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை. இன்னும் சொன்னால், பாடுகிறவர்கள் பெண்கள் என்பதுகூட இல்லை. 'உடையேம்', 'இலமே' என்றால் நாங்கள் என்று மட்டும்தான் தெரியும்.

அப்படியானால் நமக்கு எப்படித் தெரிந்தது? பாட்டுக்கு அடியில் ஒரு குறிப்பு உண்டு. திணை பொதுவியல், துறை கையறுநிலை, அதாவது இறந்தவரை எண்ணிப் புலம்பும் பாட்டு வகை, பாரி மகளிர் பாடியது என்று. பாட்டைத் தொகுத்தவர்கள் பிற்பாடு எழுதி வைத்த குறிப்பு என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. பாட்டு வேறு, குறிப்பு வேறு.

இதை எப்படிச் சொன்னால் புரியும்? உங்கள் வீட்டில் பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோக்கள் இருக்கும். பின்பக்கம் திருப்பினால் யாரோ பேனாவால் எழுதியிருப்பார்கள். எங்கள் தாத்தா பாட்டி படம் ஒன்று இருக்கிறது. தாத்தா நாற்காலியில், பாட்டி நின்றுகொண்டு, பின்னால் மலையும் ஏரியும். திருப்பிப் பார்த்தால், "கல்யாணமான புதிதில், கொடைக்கானல்" என்று எங்கள் அத்தையின் கையெழுத்து. சின்ன வயதில் நான் அதை அப்படியே நம்பினேன். பெரியவனான பிறகு ஒருநாள் உற்றுப் பார்த்தால், ஏரியின் ஒரு மூலை சுருண்டு மடங்கியிருக்கிறது! திரைச்சீலை. ஸ்டூடியோவில் தொங்கவிட்டிருந்த படம் போட்ட திரை. அத்தையிடம் காட்டினேன். "அது கொடைக்கானல்தான், உனக்கென்னடா தெரியும்" என்று படத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சரி. படத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே கையால், ஒரே நாளில் எழுதப்பட்டவை இல்லை. ஆனால் பின்பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டால் தாத்தா யார், பாட்டி யார் என்பதே அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. புறநானூற்றுக் குறிப்புகளும் அப்படித்தான். அவை இல்லாவிட்டால் 112ஆம் பாட்டு யாரோ பாடிய புலம்பல். வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் பாட்டோடு ஒட்டித் தைத்துவிடக் கூடாது.

அப்போது அங்கவை, சங்கவை? அந்தப் பெயர்கள் சங்கப் பாடல்களிலும் இல்லை, அவற்றின் அடிக்குறிப்புகளிலும் இல்லை. மிகவும் பிற்காலத்தில் ஔவையாரைச் சுற்றி வளர்ந்த கதைகளில்தான் வருகின்றன. வகுப்பில் இதைச் சொன்னால் உடனே ஒரு கை தூக்கும். "அப்போ பொய்யா சார்?" ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். பாரி காலத்துப் பெண்களைப் பற்றி அந்தப் பெயர்கள் எதுவும் சொல்லாது. ஆனால் பல நூறு வருடம் கழித்தும் அந்தப் பெண்களைப் பெயரில்லாமல் விட மனமில்லாத ஜனங்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லும். அதுவும் வரலாறுதான். எந்தக் காலத்து வரலாறு என்று மட்டும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

பாட்டுக்கே வருகிறேன். இல்லாததைக் கழித்த பிறகு, இருப்பதைப் பார்க்க வேண்டுமே. போன மாதத்தில் அப்பா முதலில் வருகிறார், குன்று பிறகு. இந்த மாதத்தில் குன்று முதலில் போகிறது, அப்பா கடைசியில். பாட்டின் கடைசிச் சொல் 'இலமே'. இந்த இடமாற்றத்தைக் கவனிக்க எந்த அகராதியும் வேண்டாம், இரண்டு தடவை சத்தமாகப் படித்தால் போதும்.

அப்புறம் 'வென்றெறி முரசின் வேந்தர்'. வெற்றி முரசு கொட்டுகிற வேந்தர்கள். நான் மாணவனாக இருந்தபோது இதை வேந்தருக்குப் புகழ்ச்சி என்றே நினைத்தேன். புறநானூற்றின் பழைய உரைகாரர் அதை இகழ்ச்சிக் குறிப்பு என்கிறார். யோசித்துப் பாருங்கள், வீட்டில் எதையாவது கொட்டிக் கவிழ்த்துவிட்டு நிற்கிறவரைப் பார்த்து "கெட்டிக்காரர்தான் போங்கள்" என்று சொல்வதில்லையா? எழுத்தில் பார்த்தால் பாராட்டு, குரலில் கேட்டால் வேறு. எழுத்துக்குள் குரல் ஒளிந்திருக்கும். உரைகாரர் எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பு அந்தக் குரலைக் கேட்டு நமக்குக் குறித்து வைத்தார். அவர் கேட்டது சரிதானா என்று நாமும் ஒரு தடவை காது கொடுத்துப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் இன்னொரு பாட்டைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. திட்டத்தில் இல்லாதது, என் பலவீனம். 116ஆம் பாட்டு, பாரியின் நண்பரான புலவர் கபிலர் பாடியது. அதில் பாரி பெயர் உண்டு. அந்தப் பெண்கள் இப்போது ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள். வழியெல்லாம் புல் மண்டியிருக்கிறது, முள்வேலி, பக்கத்தில் சுரைக்கொடி படர்ந்திருக்கிறது. அங்கே 'ஈத்திலைக் குப்பை ஏறி', அதாவது ஈச்ச இலை கிடக்கிற குப்பைமேட்டில் ஏறி நின்று, 'உமணர் உப்பொய் ஒழுகை எண்ணுப மாதோ'. உப்பு வணிகர்களின் வண்டிகள் வரிசையாகப் போகின்றன, அதை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

நாம் எல்லோரும் செய்தது இது! ரயில்வே கேட்டில் நின்று கூட்ஸ் வண்டி பெட்டியை எண்ணியிருக்கிறோம். ஐம்பத்தெட்டா, ஐம்பத்தொன்பதா என்று சண்டை போட்டிருக்கிறோம். கபிலர் அதைப் பார்த்து "நோகோ யானே" என்கிறார். நோகிறேனே என்று. பிள்ளைகள் வண்டி எண்ணினால் இவருக்கு ஏன் நோக வேண்டும்? இதே பெண்கள் முன்பு தங்கள் மலையில் இருந்துகொண்டு, பாரியின் அருமை தெரியாமல் போருக்கு வந்த வேந்தர்களின் குதிரைகளை எண்ணியவர்கள். எண்ணுகிற பழக்கம் போகவில்லை, ஏறி நிற்கிற இடம் மாறிவிட்டது. ஒரு குடும்பம் எவ்வளவு கீழே விழுந்தது என்பதைச் சொல்ல அவருக்கு ஒரு குப்பைமேடு போதுமாக இருந்திருக்கிறது. வரலாற்று மாணவருக்கு இதில் இன்னொன்றும் கிடைக்கிறது. உப்பு வண்டித்தடம், கூட்டமாகப் போகிற வணிகர்கள். கவிஞர் சொல்ல வந்தது அது இல்லை, போகிற போக்கில் விழுந்தது. அப்படிப் போகிற போக்கில் விழுந்த செய்தியைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

இப்போது கல்வெட்டு. நேரம் ஓடுகிறது.

பாரி இறந்த பிறகு கபிலர் என்ன ஆனார்? புறநானூறு 236இன் அடிக்குறிப்பு, அவர் பாரி மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்தார் என்கிறது. வடக்கிருத்தல் என்றால் வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடுவது. பாட்டுக்குள் அது இல்லை. பாட்டில், இந்தப் பிறவியில் போலவே மறுபிறவியிலும் உன்னோடு சேர்ந்திருக்க விதி அருளட்டும் என்ற வேண்டுதல் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்ற கேள்வியை மறக்காதீர்கள்.

தென்பெண்ணை ஆற்றங்கரையில் திருக்கோவலூர். பறம்பு என்று சொல்லப்படுகிற பிரான்மலை சிவகங்கைப் பக்கம், அங்கிருந்து நேர்கோட்டில் அளந்தாலே 200 கிலோமீட்டர் இருக்கும். அந்த ஊர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, செய்யுளாகவே வெட்டியிருக்கிறார்கள். நாங்கள் நான்கு மாணவர்கள் பஸ் பிடித்துப் போனோம். அச்சிட்ட பாடத்தைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, கையில் ஒரு டார்ச் லைட். டார்ச்சை நேராக அடித்தால் கல்லில் ஒன்றும் தெரியாது. சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், அப்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ஒருவன் டார்ச் பிடிக்க, ஒருவன் தாளைப் பார்க்க, நான் விரலை வைத்துக்கொண்டே போய் 'செஞ்சொற் கபிலன்' என்ற இடத்தில் நின்றது இன்னும் விரலில் இருக்கிறது.

அந்தக் கல்வெட்டு என்ன சொல்கிறது? கபிலர், பாரி அடைக்கலமாக விட்ட பெண்ணை மலையர்க்கு, அதாவது அந்தப் பகுதியை ஆண்ட மலையமான் குலத்துக்குக் கொடுத்துவிட்டு, வீடுபேறு எண்ணித் தீயில் புகுந்தார், அந்த இடம்தான் 'கனல்புகும் கபிலக்கல்' என்கிறது. ஆற்றுக்குள் ஒரு பாறையை இன்றும் கபிலர் குன்று என்று காட்டுகிறார்கள்.

ஆக, ஒன்று பார்ப்பாரிடம் விட்டார் என்கிறது, மற்றது மலையருக்குக் கொடுத்தார் என்கிறது. ஒன்றில் பட்டினி, மற்றதில் தீ. பஸ்ஸில் திரும்பும்போது எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். கல்லில் இருப்பதுதான் உண்மை என்றான் ஒருவன். கல் என்றால் பொய் சொல்லாதாம்! கல்லில் வெட்டுவதற்கும் ஒரு மனிதன் வேண்டும், அவனுக்கும் ஒரு காரணம் வேண்டும்.

அதே கல்வெட்டு இன்னொருவரையும் பாடுகிறது. ராஜராஜனின் தாயார் வானவன்மாதேவி, மலையமான் குலத்துப் பெண். கணவர் சுந்தர சோழர் இறந்தபோது உடன் தீப்புகுந்தவர். 'முலைமகப் பிரிந்து முழங்கெரி நடுவணும் தலைமகற் பிரியாத் தையல்' என்கிறது. பால்குடிக் குழந்தையைப் பிரிந்து, எரிகிற தீயின் நடுவிலும் கணவனைப் பிரியாத பெண்.

இனி நான் சொல்வது என் ஊகம், ஊகம் என்று சொல்லிவிட்டே சொல்கிறேன். மலையமான் குலத்தின் பெருமையைப் பாடும் இடத்தில், பாரி மகளும் அந்தக் குலத்துக்கே வந்து சேர்கிறாள். தீயில் புகுந்த அரசியைப் பாடும் இடத்தில், கபிலரும் தீயிலேயே புகுகிறார். கல்வெட்டு, கபிலர் காலத்தைவிடத் தன் காலத்தைப் பற்றித்தான் நமக்கு அதிகம் சொல்கிறது என்று எனக்குப் படுகிறது. என் அத்தை கொடைக்கானல் என்று எழுதினாளே, அந்தப் படத்தில் கொடைக்கானல் இல்லை. ஆனால் தாத்தா கடைசிவரை பாட்டியைக் கூட்டிப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஊர் அது என்று பின்னால் தெரிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். இன்னொரு கல்வெட்டு என்றேனே, உத்திரமேரூர் பற்றியும் பேசுவதாக இருந்தேன், பாருங்கள்! முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள். ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்க முப்பது குடும்புகள், அதாவது ஊரின் வட்டங்கள், பெயர் எழுதிய ஓலைகள், குடம், ஒரு சிறுவன் கையை விட்டு எடுக்கிறான். குடவோலை முறை, தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. நம் பிள்ளைகள் உடனே 'அன்றே மக்களாட்சி' என்று எழுதிவிடுகிறார்கள். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டே நிபந்தனைகளை வரிசையாகச் சொல்கிறது. வேலி என்ற பழைய நில அளவில் காலுக்கு மேற்பட்ட, வரி கட்டுகிற நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் படிப்பு. ஊர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர் ஊர். ஆகவே குடத்துக்குள் யார் பெயர் விழுந்தது என்று எழுதும்போது, அந்த ஊரில் உழுதவர்கள், நெய்தவர்கள், பெண்கள் இவர்கள் பெயர் எங்கே என்றும் ஒரு வரி... ஒரு விரல் காட்டுகிறார்கள்.

116ஆம் பாட்டை முழுதாக வாசித்து முடிக்கலாம் என்று பெரிய எழுத்தில் எழுதி எடுத்து வந்தேன், தாள் பைக்குள்ளேயே கிடக்கிறது. நூலகத்தில் புறநானூறு கிடைத்தால் சத்தமாகப் படித்துப் பாருங்கள். குப்பைமேடு ஏழாவது வரியில் வரும். வணக்கம்.