பட்டையை உரித்தும் மரத்தைப் பிழைக்க வைக்கலாமா?

[காட்சி: தேவிபட்டினம் கடற்கரை, ஒரு பூவரச மரம்]

ஒரு மரத்தைச் சாகடிக்கக் கோடாலி வேண்டாம். அடிமரத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிலும் பட்டையை உரித்தால் போதும்!

வணக்கம் நண்பர்களே. இந்தப் பூவரசைப் பாருங்கள். சொறி, கரப்பானுக்கு இதன் பட்டையைக் காலங்காலமாகப் பயன்படுத்துகிறோம். யாரோ முக்கால் சுற்றுக்கு உரித்துப் போயிருக்கிறார்கள். மனசு கேட்கவில்லை, கேமராவை எடுத்துவிட்டேன்.

இலை சமைக்கிற சாப்பாடு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புறம் வழியாக. தண்ணீர் ஏறுவது உள்ளே இருக்கும் கட்டை வழியாக. அதனால் முழுச் சுற்று உரித்தாலும் மரம் கொஞ்ச நாள் பச்சையாகவே நிற்கும். வேர் பட்டினி கிடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது.

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த கதைக்கு வருகிறேன்.

[காட்சி: நீலகிரி, சின்கோனா மரங்கள்]

மலேரியாவுக்கான குயினைன், சின்கோனா மரப்பட்டையில் கிடைப்பது. 1860களில் அந்த மரத்தை நீலகிரியில் வளர்த்தார்கள். பட்டைக்காக வெட்டினால் இன்னொரு மரம் வளர எத்தனை வருஷம் ஆகும்? ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் ஒரு வழி கண்டார். சுற்றி உரிக்காமல், மேலிருந்து கீழாகக் கீற்றுக் கீற்றாக எடுத்தார். இரண்டு கீற்றுக்கு நடுவே பட்டையை அப்படியே விட்டார். அப்புறம் உரித்த இடத்தை ஈரப் பாசியால் மூடிக் கட்டினார். அடிபட்ட காலுக்குத் துணி சுற்றுகிற மாதிரி, மரத்துக்குக் கட்டு! கட்டையை ஒட்டி வழவழவென்று ஒரு மெல்லிய படலம் உண்டு. புதுப் பட்டை உண்டாவது அதிலிருந்துதான். அது காயாமல் இருந்ததால் பட்டை மறுபடி வளர்ந்தது. அதில் மருந்துச் சத்து முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தது. முதல்முறை படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன்!

நம் கரையில் அந்தக் குளிரும் பாசியும் கிடையாது, உப்புக்காற்றும் வெயிலும்தான். அதனால் என் கருத்து இதுதான்: பங்குனி, சித்திரையில் பட்டையில் கை வைக்காதீர்கள். ஐப்பசி மழை விழட்டும். அப்போதும் அடிமரம் வேண்டாம், ஒரு கிளையைக் கழித்து அதில் எடுங்கள். கையோடு இன்னொரு கொம்பைப் போத்தாக ஊன்றிவிடுங்கள், பூவரசு லேசில் வேர் பிடித்துவிடும்.

உங்கள் ஊர் வைத்தியர் பட்டையை எப்படி எடுக்கிறார்? கேட்டு கமெண்டில் எழுதுங்கள்.

இந்த மரத்தில் காயத்தின் ஓரம் இன்னும் ஈரமாக இருக்கிறது. களிமண்ணும் சாணியும் குழைத்துப் பூசி, நனைத்த சாக்கைச் சுற்றியிருக்கிறோம். கார்த்திகையில் வந்து அவிழ்த்துக் காட்டுகிறேன்.