6ஜி: வேகம் சரி, எட்டுமா?

[திரையில்: தி.நகர் ரங்கநாதன் தெரு, பண்டிகைக் கால மாலை]

வணக்கம். இந்தக் கூட்டத்தில் போனில் சிக்னல் கோடுகள் முழுதாகவே இருக்கும். வீடியோ மட்டும் நகராது. காரணம், ஒரே டவரின் அலைவரிசையை இத்தனை பேரும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள்.

5ஜி இதற்கு நல்ல தீர்வைத் தந்தது. அது பெரிதும் பயன்படுத்தும் 3.3 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், அதாவது நொடிக்கு 330 கோடி முறை அதிரும் அலையில், அலைநீளம் சுமார் 9 சென்டிமீட்டர்தான். அலை குறுகினால் ஆண்டெனாவும் சிறிதாகும். எனவே ஒரே பலகையில் பல டஜன் ஆண்டெனாக்களை அடுக்கி, வெவ்வேறு திசையில் நிற்பவர்களுக்குத் தனித்தனிக் கற்றையாகத் தகவலை அனுப்ப முடிகிறது.

அடுத்த தலைமுறையான 6ஜிக்கான ஆய்வில் 100 கிகாஹெர்ட்ஸுக்கு மேலும் போகிறார்கள். 140 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2 மில்லிமீட்டர். வேகம் பிரமிக்க வைக்கும். சுவர் குறுக்கே வந்தால் அலை நின்றுவிடும்.

[திரையில்: வயல்கள், தொலைவில் ஒரே ஒரு டவர்]

எனக்கு வேகத்தைவிட இந்தக் காட்சிதான் முக்கியம். கோயில் ஒலிபெருக்கி ஊர்க்கோடிக்கும் கேட்கும். ஊர்க்கோடியில் நின்று நாம் சொல்லும் பதில் கோயிலுக்குக் கேட்காது. டவருக்கும் போனுக்கும் இடையே நடப்பது இதுதான். போன் அனுப்பும் திறன் பொதுவாக 0.2 வாட். கிராமத்தில் இணைப்பு அறுந்துபோவது பெரும்பாலும் இந்தத் திரும்பும் பாதையில்தான்.

நம் கிண்டியை ஒட்டியுள்ள ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள், ஐஐடி ஹைதராபாத்துடன் சேர்ந்து இதைத்தான் கையில் எடுத்தார்கள். அலையின் உயரம் அதிகம் ஏறி இறங்காதபடி வடிவமைத்தால், போனில் சிக்னலை வலுவாக்கும் பெருக்கியை அதன் முழுத் திறனை ஒட்டி இயக்கலாம். அதே போனின் குரல் இன்னும் தூரம் போகும். டவர்களுக்கு இடையே 6 கிலோமீட்டர் இருக்கும் கிராமப்புறச் சூழலையும் 5ஜி சோதனைகளில் சேர்க்க வேண்டும் என்று இந்தியா வாதாடியது. உலக நாடுகளுக்கான தொலைத்தொடர்புத் தரங்களை வகுக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதை ஏற்றது. அதற்கு முன் கிராமத்துக்கென இருந்த அளவு சுமார் 1.7 கிலோமீட்டர். நம் ஊர்ப்பக்கம் அவ்வளவு நெருக்கமாக டவர் நடுவது யாருக்கும் கட்டுப்படியாகாது.

2022 மே மாதம் ஐஐடி மெட்ராஸ் வளாகத்திலிருந்து சோதனை வலையமைப்பில் 5ஜி அழைப்பு பேசப்பட்டது. அக்டோபரில் சேவை தொடங்கியபோது முதல் நகரங்களில் சென்னையும் இருந்தது.

2023இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட 6ஜி வரையறையில் ஆறு பயன்பாடுகள் உள்ளன. அவற்றில் ஒன்று, எங்கும் இணைப்பு. அடுத்த வீடியோவில் அதை மட்டும் எடுத்துக்கொண்டு, செயற்கைக்கோளும் டவரும் கைகோக்கும் முறையைப் பார்ப்போம்.