பஞ்சைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு

வணக்கம் நேயர்களே. பல் எடுப்பதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம் என்று யோசித்தபோது எனக்கு ஓர் ஆட்டோ ஓட்டுநர்தான் நினைவுக்கு வந்தார்.

கீழ்க் கடைவாய்ப்பல், சொத்தை அரித்து அரித்து வேர் மட்டும்தான் மிச்சம். பத்து நிமிடத்தில் எடுத்தாயிற்று, அவரும் நன்றாகத்தான் போனார். மூன்றாம் நாள் காலையில் நான் கதவைத் திறப்பதற்கு முன்பே வாசல்படியில் உட்கார்ந்திருந்தார், கன்னத்தில் துண்டை அழுத்திக்கொண்டு. "எடுக்கும்போதுகூட இவ்வளவு வலி இல்லை டாக்டர், இப்போ காதுக்குள்ள போய்க் குடையுது, ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை" என்றார். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைத் திருப்பினால், பல் இருந்த குழி காலியாகக் கிடக்கிறது, அடியில் வெளுத்த எலும்பு தெரிகிறது. அங்கே இருந்திருக்க வேண்டியது கருஞ்சிவப்பாக, ஜெல்லி மாதிரி உறைந்த ரத்தம்.

அன்று சாயங்காலம் வாயில் ரத்த வாடை பிடிக்காமல் நாலைந்து தடவை பலமாகக் கொப்பளித்துத் துப்பியிருக்கிறார். அப்புறம் ஒரு பீடி. அவ்வளவுதான் நடந்தது.

கொப்பளிக்கக் கூடாது, புகை கூடாது என்று அவரிடம் சொல்லித்தான் அனுப்பினேன், சீட்டிலும் எழுதிக் கொடுத்தேன். ஆனால் உதடு மரத்து, வாயில் பஞ்சோடு, எப்போது வீட்டுக்குப் போவோம் என்று நிற்கிற மனிதருக்கு அந்த நேரத்தில் சொல்வது எதுவும் காதில் ஏறாது. அதனால்தான் இன்றைக்குப் பல் வலி எதுவும் இல்லாமல் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன்.

பல்லை எடுத்ததும் குழியில் ரத்தம் ஊறி உறைகிறது இல்லையா, அதுதான் மருந்து. கை கால் காயத்துக்குக் கட்டுப் போடுகிறோம், வாய்க்குள் கட்டுப் போட முடியாது, உடம்பே போட்டுக்கொள்கிற கட்டு அது. அதன் அடியில்தான் புதுச் சதை வளர்ந்து, சில வாரங்களில் ஈறு மூடி, சில மாதங்களில் எலும்பும் நிறைகிறது. முதல் ஒரு நாள் அது மிகவும் இளசாக இருக்கும். காறித் துப்பினால், பலமாகக் கொப்பளித்தால், ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சினால், பீடி சிகரெட்டை இழுத்தால் பெயர்ந்து வந்துவிடலாம். பெயர்ந்தால் எலும்பும் நரம்பு நுனியும் வெறுமையாக நிற்கும், இரண்டாம் நாள் மூன்றாம் நாளில் அந்தக் காதுவரை போகிற வலி வரும், வாய் நாறும். பல் டாக்டர்கள் இதை டிரை சாக்கெட் என்போம். இது வந்தால் வீட்டில் மாத்திரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கிடக்க வேண்டாம், எடுத்த இடத்துக்கே திரும்பப் போங்கள். குழியைக் கழுவி, கிராம்புத் தைலம் சேர்ந்த மருந்தை வைத்தால் பெரும்பாலும் அன்றைக்கே வலி இறங்கிவிடும். அந்த ஆட்டோக்காரர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார்.

சரி, பஞ்சு விஷயம். பல் எடுத்த இடத்தில் வைத்த பஞ்சை முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்து ரத்தம் நின்றதா என்று பார்க்கக் கூடாது, பார்க்கும்போதெல்லாம் உறைகிற ரத்தம் பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். லேசாக ரத்தம் கலந்த எச்சிலை விழுங்குவதால் ஒன்றும் ஆகாது. முதல் நாள் எச்சில் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும், தலையணையில் சின்னக் கறைகூடப் படலாம். ஒரு சொட்டு ரத்தம் வாய் நிறைய எச்சிலோடு கலந்தால் பார்க்கப் பயமாக இருக்கும், அவ்வளவுதான். வாய் நிறைய ரத்தமாகவே வந்தால் சுத்தமான துணியை மடித்து நனைத்து அந்த இடத்தில் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து அரை மணி நேரம் கடியுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

உப்புத் தண்ணீர் மறுநாள்தான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, வாயில் வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, வாயைத் திறந்து தானாக வடிய விடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும். பல் எடுத்த அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போன குழைந்த சாதம், கஞ்சி, இட்லி, எதுவானாலும் மறுபக்கமாக. தயிர் சாப்பிட்டால் சீழ் பிடிக்குமா என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். பிடிக்காது, தயிர் சாதம் தாராளமாகச் சாப்பிடலாம். பட்டினி கிடப்பதுதான் தப்பு.

ஊசி போட்ட மரப்பு இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் இருக்கும். குழந்தைகளுக்குப் பல் எடுத்திருந்தால் அந்த நேரம் முழுக்கப் பக்கத்திலேயே இருங்கள். மரத்த உதடு அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், மென்று மென்று புண்ணாக்கிவிடுவார்கள், மரப்பு விட்ட பிறகுதான் அழுவார்கள்.

இனி பல் எடுக்கப் போவதற்கு முன்னால். வெறும் வயிற்றோடு வராதீர்கள், டாக்டரே அப்படிச் சொல்லியிருந்தால் தவிர. பயமும் பசியும் சேர்ந்தால் நாற்காலியிலேயே மயக்கம் வரும். அப்புறம், நீங்கள் சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுவாருங்கள். "பி.பி.க்கு ஏதோ வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் எங்களுக்குப் புரியாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிடுகிறவர்கள், பல் எடுக்க வேண்டுமே என்று தாங்களாகவே நாலு நாளைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறார்கள், அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஈறில் கசிகிற ரத்தத்தை அழுத்தியோ தையல் போட்டோ நிறுத்திவிடலாம். ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமல் தடுக்கிற வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தானாக நிறுத்தக் கூடாது, ஐ.என்.ஆர். என்கிற ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தால் போதும்.

இன்னொன்று யாருக்கும் சொல்லத் தோன்றாது: எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி, ஆண்டுக்கு ஓர் ஊசி என்று போட்டுக்கொள்கிற அம்மாக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எலும்பு மருந்துக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிடுவார்கள். சம்பந்தம் உண்டு. அந்த மருந்துகளில் சில, தாடை எலும்பு ஆறுவதைக் கெடுக்கக்கூடும், அதனால் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். கழுத்துக்கோ வாய்க்கோ கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருந்தால், எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும் சொல்லிவிடுங்கள். இதய வால்வு மாற்றியிருந்தாலும் அப்படித்தான், பல் எடுப்பதற்கு முன்னாலேயே ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும்.

நாற்காலியில் என்ன நடக்கும்? ஊசி குத்தும், அது உண்மை. மருந்தில் அட்ரினலின் கலந்திருப்பதால் ஒரு நிமிடம் நெஞ்சு படபடக்கலாம், அடங்கிவிடும். அதற்குப் பிறகு வலி தெரியாது, ஆனால் அழுத்துவதும் அசைப்பதும் தெரியும், கறக் என்று சத்தம்கூடக் கேட்கும். இது தெரியாததால்தான் பலர் ஊசி வேலை செய்யவில்லை என்று பதறுகிறார்கள். நிஜமாகவே வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், நிறுத்திவிட்டு இன்னும் மருந்து போடுவோம். முகம் வீங்கிச் சீழ் வைத்த இடத்தில் ஊசி சரியாகப் பிடிக்காது. வீங்கும்வரை காத்திருக்காதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பல் வலிக்கு என்று புகையிலையை அதக்குவது, ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைப்பது இரண்டுமே ஈறைப் பொசுக்கும்.

மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. பல்லுக்குப் போகிற நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. அழுகிய மேல் பல்லை எடுக்காமல் வைத்திருந்தால்தான், அரிதாகவாவது, சீழ் கண்ணைச் சுற்றிப் பரவுகிறது.

கடைசியாக ஒன்று. பல் எடுத்த பிறகோ எடுக்கும் முன்போ வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்கினாலோ, எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகினாலோ, நாக்கு மேலே தள்ளினாலோ, மூச்சு வாங்கினாலோ, காலையில் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மணி இரவு இரண்டானாலும் 108க்கு அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வணக்கம்.